ஸ்டாகுஸ்: ஒரு கதிரின் கதை

இயேசுவின் சீடர்கள் வயல் வழியே போகும்போது பறித்துத் தின்றது மக்காச்சோளமா? 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளை இன்று படிக்கும் சிலருக்கு இந்தச் சந்தேகம் வரும். அதில் 'கார்ன்' என்றுதான் இருக்கிறது. ஆனால் அக்கால ஆங்கிலத்தில் கார்ன் என்றால் ஏதாவது ஒரு தானியம், அவ்வளவுதான். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகே மற்ற கண்டங்களுக்குப் பரவியது.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'ஸ்டாகுஸ்'. இதன் பொருள் கதிர். வாற்கோதுமைக்கு 'கிரிதே', பொதுவாகத் தானியத்துக்கு 'சீதோஸ்' என வேறு சொற்கள் உண்டு. ஸ்டாகுஸ் எந்தப் பயிர் என்று சொல்லாது. தாளின் நுனியில் மணிகள் திரண்ட பகுதியை மட்டும் குறிக்கும். மாற்கு நற்செய்தியில் முதலில் முளை, பிறகு கதிர், பிறகு கதிரில் நிறைந்த தானியம் என்று வளர்ச்சி வரிசையாக வருகிறது. நடுவில் நிற்பதுதான் ஸ்டாகுஸ்.

எனவே சீடர்கள் பறித்தது கோதுமையாகவோ வாற்கோதுமையாகவோ இருக்க வேண்டும். கதிர்களைக் கைகளால் கசக்கித் தின்றார்கள் என்கிறார் லூக்கா. இது திருட்டும் அல்ல! பிறர் வயலில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாள் வைக்கக்கூடாது என்பது உபாகமச் சட்டம். ஓய்வுநாளில் கொய்ததுதான் பரிசேயர் சொன்ன குற்றம்.

கிரேக்கர்களுக்குக் கதிர் வெறும் உணவல்ல. தென் இத்தாலியில் அவர்கள் குடியேறிய மெட்டாபோன்டம் நகரம் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே வெள்ளிக் காசில் வாற்கோதுமைக் கதிரைப் பொறித்தது. அந்த ஊரின் செல்வமே அதுதான். ஏதென்ஸுக்கு அருகிலுள்ள எலூசிஸில், தானிய தெய்வமான டிமீட்டரின் ரகசியச் சடங்கின் உச்சத்தில், அறுத்த கதிர் ஒன்றை மௌனமாகக் காட்டினார்கள் என்று கி.பி. 3ஆம் நூற்றாண்டு கிறிஸ்தவ எழுத்தாளர் ஹிப்போலிட்டஸ் எழுதியிருக்கிறார்.

வானத்திலும் இந்தக் கதிர் உண்டு. கன்னி ராசிப் பெண்ணின் கையிலுள்ள பிரகாசமான நட்சத்திரத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர் ஸ்டாகுஸ். லத்தீனில் 'ஸ்பைகா', அதற்கும் கதிர் என்றே பொருள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் இதன் இடத்தைச் சுமார் 150 ஆண்டுகளுக்கு முந்தைய டிமோகாரிஸின் அளவீட்டோடு ஒப்பிட்டார். சுமார் 2 பாகை நகர்ந்திருந்தது! பூமியின் அச்சு மெதுவாகச் சுழல்வதால் ஏற்படும் அயன அசைவு இப்படித்தான் தெரியவந்தது.

அந்த நட்சத்திரத்தை நாமும் அறிவோம். நம் பஞ்சாங்கத்தில் அதன் பெயர் சித்திரை.