ஆலெமனையும் ஆலையும்: மண்டியா உழவர் வணிகம் கற்ற கதை

மேல்கோட்டையைத் தமிழுலகம் இராமாநுசரின் வழியாகவே அறிந்திருக்கிறது. 1939இல் மண்டியா மாவட்டம் பிரிக்கப்படும்வரை அவ்வூர் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. சிறு உழவர்க்குத் தொழிற்பயிற்சியும் வணிகத் துணையும் அளிப்பது குறித்து இன்று எழுதுவோர், அக்குன்றைச் சூழ்ந்த நிலத்தின் வரலாற்றையும் ஒருமுறை வாசிக்கலாம்.

மைசூர் அரசு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தை 1905இல் இயற்றியது. கனடாவிலிருந்து வந்த லெஸ்லி கோல்மன், 1908இல் பூஞ்சையியல், பூச்சியியல் வல்லுநராகப் பணியேற்றுப் பின்னர் வேளாண் துறையின் இயக்குநரானார். 1913இல் ஹெப்பாளில் வேளாண் பள்ளி தொடங்கியது, 1918இல் எச்.22 என்னும் கேழ்வரகு வகை வெளிவந்தது. ஆக, கல்வி, விதை, கடன் ஆகிய மூன்றுக்கும் அரசு வழிசெய்திருந்தது. ஆனால் விளைந்ததை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்ற வினாவிற்கு இம்மூன்றிலும் விடையில்லை.

அவ்வினாவைக் கூர்மையாக்கியது கரும்பு. கிருஷ்ணராஜசாகர் நீர் இர்வின் கால்வாய் வழியாக மண்டியாப் பகுதிக்கு வந்தபோது உலகப் பொருளாதார மந்தம் நிலவியது. வெல்லத்தின் விலை சரிந்தது. வெல்லம் காய்ச்சும் இடத்தைக் கன்னடத்தில் ‘ஆலெமனை’ என்பர். தமிழில் ‘ஆலை’ என்பதும் தொடக்கத்தில் கரும்பு பிழியும் பொறியையே குறித்தது. நூலாலையும் காகித ஆலையும் பிற்காலப் பொருள் விரிவுகள். 1932இல் உள்நாட்டுச் சர்க்கரைக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. கோல்மன் முன்னின்று வலியுறுத்த, 1933இல் மைசூர் சர்க்கரைக் கம்பெனி பதிவாயிற்று. அரசும் உழவரும் அதில் பங்குதாரர்கள். அடுத்த ஆண்டே மண்டியாவில் அரைவை தொடங்கியது.

ஆலை உழவரோடு கரும்புக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. உரத்தைக் கடனாகத் தந்து, கரும்பின் விலையில் அதைக் கழித்துக்கொண்டது. அதன் களப்பணியாளர் வயலுக்கே வந்து ஆலோசனை கூறினர். கடனும் கல்வியும் சந்தையும் ஒரே கணக்கில் சேர்ந்தன. ஹெப்பாள் பள்ளியைவிட இந்த ஒப்பந்தச் சீட்டே மண்டியா உழவருக்குப் பெரிய வணிகப் பாடம் என்பது என் கருத்து.

அப்பாடம் எல்லார்க்கும் எட்டவில்லை. மானிடவியலாளர் ஸ்கார்லெட் எப்ஸ்டீன் 1950களின் நடுவில் இப்பகுதியின் இரண்டு சிற்றூர்களை ஆராய்ந்து, அவற்றுக்கு வங்கலா, தலேனா எனப் புனைபெயரிட்டார். வங்கலாவுக்குக் கால்வாய் நீர் வந்தது. மேட்டிலிருந்த தலேனாவுக்கு வரவில்லை. நீர் பெற்ற ஊர் வேளாண்மையிலேயே நிலைத்தது. நிலவுடைமையாளர்க்கும் அவர்களைச் சார்ந்த தலித் தொழிலாளர்க்கும் இடையிலான பரம்பரைப் பிணைப்பும் அங்கே பெரிதும் மாறாதிருந்தது. நீர் பெறாத ஊரினரோ மண்டியா நகரில் வேலை தேடினர், அண்டை ஊர்களில் பாசன நிலம் வாங்கினர், மாவு ஆலை வைத்தனர். அவ்வூரில்தான் பழைய பிணைப்புகளும் தளர்ந்தன. தொழில்முனைவோரை உருவாக்க விழைவோர் கவனிக்க வேண்டிய முரண் இது: பயிற்சியும் கடனும் குவிந்த இடத்தில் உழவர் கரும்பை விட்டு நகரவில்லை, ஆலை நாடிவராத இடத்தில் வணிகர் தோன்றினர். 1970இல் எப்ஸ்டீன் மீண்டும் வந்தபோது, ஊருக்குள் செல்வருக்கும் வறியவருக்கும் இடையே வேறுபாடு கூடியிருக்கக் கண்டார்.

மேல்கோட்டையும் மேட்டூரே, குன்றின்மேல் கால்வாய் நீர் ஏறாது. அங்கே 1960இல் தொடங்கிய ஜனபத சேவா அறக்கட்டளை, காந்திய நெறியில் கதர் நெசவை வளர்த்தது; பின்னர் ‘புதிய வாழ்க்கைப் பாதை’ எனப் பொருள்படும் ‘ஹொச ஜீவன தாரி’ என்ற பெயரில் இயற்கை வேளாண்மையிலும் இறங்கியது. ஜப்பானிய உழவர் ஃபுக்குவோக்காவின் ஒற்றை வைக்கோல் புரட்சி நூல் கன்னடத்துக்கு வந்ததும் இக்குடும்பத்தாரின் முயற்சியால்தான். கோல்மன் வெளியிலிருந்து இடுபொருளும் கடனும் கொண்டுவந்த நிலத்துக்கு அருகிலேயே, அவ்விரண்டும் இல்லாமல் பயிர்செய்ய முடியுமா என்ற சோதனை நடந்திருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு எவரேனும் ஆய்வேடு எழுதினால் முதல் வாசகனாக நான் காத்திருப்பேன்.