தந்திக்காரர் கண்ட ஒளிமானி

1873. கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்க, மாறாத மின்தடை தரும் பொருள் ஒன்று ஆங்கிலேய மின்பொறியாளர் வில்லோபி ஸ்மித்துக்குத் தேவைப்பட்டது. செலினியத் துண்டுகளை ஒரு பெட்டியில் வைத்துப் பார்த்தார். மூடியைத் திறந்தால் தடை குறைந்தது, மூடினால் ஏறியது. வெளிச்சம் செய்த வேலை அது. தந்திக்கு ஆகாத அந்தக் குணம்தான், படம் எடுக்குமுன் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு விதை. வெளிச்சம் பட்டால் செலினியத்தில் மின்சாரமே பிறக்கும் என்பது சில ஆண்டுகளில் தெரிந்தது. 1932-இல் அமெரிக்காவின் வெஸ்டன் நிறுவனம் அதைக் கைக்கருவியாக்கி விற்றது. பேட்டரி வேண்டாம், முள் தானாக அசையும்.

அந்த முள்ளுக்கு நிறபேதம் கிடையாது. வெள்ளை வேட்டியோ எருமையோ, எதைக் காட்டினாலும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒளியைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படம் எடுக்கும் பிராக்கெட்டிங் பழக்கத்துக்கு மானி மீதான அவநம்பிக்கையும் ஒரு காரணம்.

ஒளிமானியின் கதையில் எனக்குப் பிடித்த நாள், அது காணாமல்போன நாள். 1941, நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் கிராமம். சூரியன் இறங்குகிறது, கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில், மேலே நிலவு. ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸுக்கு அவசரத்தில் மானி அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவுக்கு வந்தது. அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது படத்துக்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. நெகட்டிவில் முன்புறம் மெலிந்துதான் கிடந்தது. பிறகு ரசாயனத்தால் அதைத் தேற்றினார். ஆனாலும் சராசரியை விட்டு, காட்சியின் மிகப் பிரகாசமான பொருளைப் பிடித்தாரே, டிஜிட்டலுக்கு வேண்டிய புத்தி அதுதான்.

1963-இல் டாப்கான் கேமராவில் மானி லென்ஸுக்குப் பின்னால் குடிபுகுந்தது. 1983-இல் நிக்கான் எஃப்ஏ காட்சியை ஐந்து கூறாக்கி அளந்தது. இன்று மிரர்லெஸ் கேமராவில் படம் பிடிக்கும் சென்சாரே மானி. கிளிக் செய்யுமுன்பே, இடப்பக்க இருளிலிருந்து வலப்பக்க வெண்மைவரை ஒளியின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் திரையில் நிற்கிறது.

ஃபிலிம் நெகட்டிவ் கொஞ்சம் கூடுதல் ஒளியைப் பொறுக்கும். சென்சார் நிரம்பிவிட்டால் அங்கே விவரம் போனது போனதுதான். நிழலையோ, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பிலிருந்து ஓரளவு தூக்கிவிடலாம். ஆகவே ரா முறையில், குறைந்த ஐஎஸ்ஓவில், நமக்கு முக்கியமான வெண்மை ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பைத் தொடும்வரை எக்ஸ்போஷரைக் கூட்டினால் ஒரே படம் போதும். சூரியனும் பல்பும் வெளுத்தால் வெளுக்கட்டும். நண்பகலில் இருட்டறையும் ஜன்னல் வெளியும் சேர்ந்தே வேண்டும் என்றால்தான் பிராக்கெட்டிங் தேவைப்படலாம்.

திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் பெரும்பாலும் ஜேபெக் படத்தை வைத்து வரைந்தது. ராவில் இன்னும் சற்று இடம் இருக்கும். எவ்வளவு என்பதை அவரவர் கேமராவில் சோதித்துக்கொள்ள வேண்டும். மூன்று நிறங்களின் வரைபடத்தையும் தனித்தனியே பார்ப்பது நல்லது: வெயிலில் நிற்கும் செம்பருத்தியில், மொத்த வரைபடம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி, இதழின் நரம்புகள் காணாமல் போயிருக்கும்.