கடகத்தில் ஒரு கணக்குப் பிழை

மாசி மாதத்து முன்னிரவில், நிலவில்லாத உச்சி வானில், மங்கலான மீன்கூட்டம் ஒன்று தென்படும். தமிழர் அதனைப் பூசம் என்றனர். அரபியர் அந்நஸ்ரா என்றனர். சந்திரன் தங்கும் மனைகளை எண்ணிய இரு சாராருமே அதனை எட்டாவதாக வைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது. அதற்கு வடக்கே, கூரிய கண்ணுக்கு மட்டும் புலப்படும் சிறு விண்மீன் ஒன்றுண்டு. வானியலார் அதனை 55 கேன்க்ரி என்பர். 41 ஒளியாண்டுத் தொலைவு. விண்வெளிக் கணக்கில் அண்டை வீடுதான்.

இவ்விண்மீனை மிக நெருங்கிச் சுற்றும் கோள் ஒன்று 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கோளின் ஈர்ப்பால் விண்மீன் அசைவதை, முதன்மையாக டெக்ஸாஸ் மலைமீதுள்ள பெருந்தொலைநோக்கியால் அளந்து கண்ட முடிவு அது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.8 நாள் என்று கணித்தனர். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. பார்த்த முறையிலேதான் இடையூறு. தரையிலிருந்து நோக்குவோர்க்கு இரவு மட்டுமே வாய்க்கும். செக்கைச் சுற்றும் மாட்டை, குறித்த இடைவெளியில் சாளரத்தைத் திறந்து ஒரு கணம் மட்டும் பார்ப்பவன், அது சிறிதே நகர்ந்தது என்று எண்ணுவான். இடையில் அது ஒரு முழுச் சுற்று வந்துவிட்டதை அறியான். 2010இல் ரெபெக்கா டாசன், டேனியல் ஃபாப்ரிக்கி என்னும் இருவர், பழைய அளவுகளையே மீண்டும் ஆராய்ந்து, உண்மைச் சுற்றுக்காலம் 18 மணி நேரத்திற்கும் குறைவே என்று வாதிட்டனர்.

சாளரத்தை மூடாமலே பார்க்கவல்ல கருவி ஒன்று அப்போது விண்ணில் இருந்தது. கனடா நாட்டார் 2003 ஜூன் 30இல் ஏவிய மோஸ்ட் என்பது அதன் பெயர். ஆடியின் அகலம் 15 சென்டிமீட்டர். மொத்த எடை ஏறத்தாழ 53 கிலோ. விண்மீன்களின் நுண்ணிய அதிர்வுகளை அறியவே அதனைச் செய்தனர். கோள் தேடுவது பின்னர் வந்து சேர்ந்த வேலை. பகலும் இரவும் சந்திக்கும் எல்லையை ஒட்டிப் பூமியைச் சுற்றியமையால், ஒரே விண்மீனை வாரக்கணக்கில் இமையாது நோக்க அதற்கு இயன்றது. 2011 பிப்ரவரியில் இரண்டு வாரம் அவ்வாறு நோக்கிற்று. 17 மணி 41 நிமிடத்திற்கு ஒருமுறை விண்மீனின் ஒளி, பத்தாயிரத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு குறைந்து மீண்டது. கோள் அதன் முகத்தைக் கடந்துகொண்டிருந்தது! இருவரின் வாதம் நிலைபெற்றது.

அமெரிக்கர் 2017இல் அனுப்பிய ஆஸ்டீரியா அதனினும் சிறியது; அதன் வில்லை 6 சென்டிமீட்டரே. அதே கோளின் மங்கலை அதுவும் கண்டது. ஆனால் கடக்கும் நேரம் முன்னரே தெரிந்திருந்ததால்தான் அம்மெல்லிய அடையாளத்தை இனங்காண முடிந்தது. இதனைப் புதுக் கண்டுபிடிப்பென்று புகழ்வது மிகையாகும். மோஸ்ட் 2019 மார்ச்சில் ஓய்வு பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஆஸ்டீரியாவின் தொடர்பும் அறுந்தது. அது கண்டதை விளக்கும் ஆய்வுரை 2020இல் வெளிவந்தபோது, அக்கருவி பேச்சற்றுப்போய் மாதங்கள் சில கழிந்திருந்தன.