கூந்தலைக் கட்டிய கயிறு

தமிழ்க் கவிதை மகளிர் கூந்தலைப் பாடிய அளவிற்கு வேறொன்றைப் பாடியிருக்குமா என்பது ஐயமே. ஓதி, கதுப்பு, குழல், முச்சி, அளகம் என அதற்கு எத்தனை பெயர்கள்! ஐவகையாக முடிக்கப்படுவதால் ‘ஐம்பால்’ என்றே கூந்தலுக்கு ஒரு பெயர் வந்தது. அவ்வைந்து எவை என்பதில் உரையாசிரியர்கள் வேறுபடுவர். கூந்தலின் மணம் இயற்கையா, செயற்கையா என்பது குறித்து இறைவனோடு நக்கீரர் வழக்காடிய கதையையும் தமிழுலகம் அறியும். இத்தனை பேசிய புலவர்கள், முழந்தாள்வரை தாழ்ந்த கூந்தலை நாள்தோறும் கட்டிக் காத்த எளிய கயிற்றை மட்டும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பூவுக்குக் கிடைத்த இடம் நாருக்குக் கிடைக்கவில்லை எனலாம்.

சங்க நூல்களில் கூந்தலும் கயிறும் அழுத்தமாகச் சேர்ந்து வருமிடம் ஒரு கொடுமையைச் சொல்லுமிடமாகும். பகைவரின் மகளிருடைய கூந்தலைக் களைந்து நன்னன் கயிறு திரித்த செய்தியை நற்றிணையில் பரணர் பாடுகிறார். மோகூர்ப் பழையனின் காவல்மரமாகிய வேம்பை வெட்டி வீழ்த்திய செங்குட்டுவன், பழையன் பக்கத்து மகளிரின் கூந்தலால் திரித்த கயிறு கொண்டு யானைகளை வண்டியிற் பூட்டி அம்மரத்தை இழுத்துச் சென்றான் எனப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகம் கூறுகிறது. அங்குக் கூந்தலுக்குக் கயிறில்லை, கூந்தலே கயிறு. ‘முரற்சி’ என்னும் அச்சொல்லை அறிந்த கவிஞர் இன்று எத்தனை பேர்?

மயிரிழை யானையின் இழுப்பைத் தாங்குமா என ஐயுற வேண்டியதில்லை. நலமான ஓரிழை ஏறத்தாழ 100 கிராம் எடையைத் தாங்கவல்லது. சப்பான் நாட்டின் கியோத்தோ நகரில், 1864ஆம் ஆண்டுத் தீயில் அழிந்த கிழக்கு ஓங்கன்சி பௌத்தக் கோயிலை மீண்டும் எழுப்பியபோது, பெருமரங்களை இழுக்க வலிய கயிறுகள் வேண்டியிருந்தன. அடியவர்கள் தம் கூந்தலை ஈந்து 53 கயிறுகள் திரித்தளித்தனர். 1895இல் திருப்பணி நிறைவுற்றது. அவற்றுள் ஒன்று இன்றும் அக்கோயிலில் காட்சிக்கு இருக்கிறது. நன்னன் பறித்ததும் அவர்கள் ஈந்ததும் ஒரே பொருள்தான்.

இழுவையில் இத்துணை வலிய இழை, உராய்விற்கு மிக எளிதில் தோற்றுவிடும். அதன் மேற்புறம் மீன்செதில்போல் அடுக்கடுக்கானது. ஒரே இடத்தில் நாளும் இறுகக் கட்டினால் அச்செதில்கள் பெயர்ந்து, அவ்விடத்திலேயே முடி அறும். தலைமயிர் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 செ.மீ. வளரும் என்பர். அவ்வாறாயின் 90 செ.மீ. நீண்ட கூந்தலின் நுனி ஆறாண்டு மூத்தது. ஆறாண்டு வெயிலும் சீப்பும் கண்ட நுனியில்தான் பின்னலின் கட்டு விழுகிறது. ஆகவே நெடுங்கூந்தலுக்கு ஏற்ற கயிறு தானும் அறாமல், தான் பற்றிய இழையையும் அறுக்காமல் இருக்கவேண்டும். இரண்டாவது பண்பே அரிது.

தமிழகப் பெண்டிர் இதற்குக் கண்ட விடை, கயிற்றைக் கூந்தலின்மேல் சுற்றாமல் கூந்தலோடு பின்னிவிடுவது. குஞ்சலம் என்பதன் பயனைப் பலர் அதன் நுனியில் தொங்கும் குச்சங்களோடு நிறுத்திக்கொள்கின்றனர். அழகு குச்சத்தில் இருக்கலாம், உழைப்பு கயிற்றினுடையது. பருத்தியாலோ பட்டாலோ முறுக்கிய மூன்று புரிகள், சடையின் மூன்று கால்களோடு இணைந்து பின்னப்பட்டு நுனிவரை செல்கின்றன. இறுக்கம் ஓரிடத்தில் குவிவதில்லை. சடையின் நீளமெங்கும் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. முடிச்சு விழுவதும் கயிற்றின் மீதுதான், மயிரின் மீதன்று. மணப்பெண்ணின் சடைநாகத்தையும், அதன்கீழ் ஆடும் குஞ்சலத்தையும் கண்டு வியப்போர், அந்தப் பொற்சுமையைத் தாங்குவதில் உள்ளிருக்கும் கருங்கயிற்றுக்குள்ள பங்கை நினைப்பதில்லை. சவுரியின் கதையும் இத்தகையதே. சீப்பில் உதிர்ந்த முடியை எறியாமல் சுருட்டிச் சேர்த்து, அடியில் நூலால் கட்டிச் சவுரியாக்கிப் பின்னலில் இணைத்துக்கொண்ட வழக்கம் வீடுகளில் இருந்தது. இழந்த கூந்தல் இருக்கும் கூந்தலைத் தாங்கியது.

பள்ளிகள் பெருகியபோது நாடா வந்தது. மக்கள் நாவில் அது ‘ரிப்பன்’. இரட்டைச் சடை பின்னி, மடித்துக் கட்டிய பூப்போன்ற முடிச்சு தமிழகத்துப் பள்ளிச் சிறுமியின் அடையாளமாகவே ஆயிற்று. அகலமான துணி என்பதால் அது மயிரை வெட்டுவதில்லை. பருத்தி நாடா விரைவில் நைந்தாலும் நழுவாது. பின்வந்த நைலான் நாடா நெடுநாள் உழைக்கும், ஆனால் எண்ணெய்த் தலையில் வழுக்கும். அதன் ஓரம் பிரியாதிருக்க நுனியை விளக்குச் சுடரில் காட்டி உருக்கிக்கொண்டது அன்னையர் கைத்திறன்.

அடுத்து வந்த இரப்பர் வளையம் வேறு நாட்டு, வேறு பயனுக்குரிய பொருள். இலண்டனில் 1845இல் இசுடீபன் பெர்ரி அதற்குக் காப்புரிமை பெற்றார். அது தாள்களையும் உறைகளையும் கட்டுதற்கென எழுந்தது. தாளுக்கு எண்ணெய் தேய்ப்பாரில்லை. இயற்கை இரப்பரோ எண்ணெயை உறிஞ்சி ஊதும், வலுவிழக்கும், வெயிலில் வெடிக்கும். நாள்தோறும் நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் காணும் தலையில் அது நிலைக்காததில் வியப்பில்லை. அறுவதற்கு முன்னரே பத்து இழைகளையேனும் பிடுங்கிவிடுவது அதன் இயல்பு. இக்குறை நீங்க, அமெரிக்கப் பாடகி ரோமி ரெவ்சன் இரப்பரைச் சுருக்கிய துணிக்குள் ஒளித்து, 1987இல் காப்புரிமை பெற்றார். உள்ளே இழுவிசை, வெளியே துணியின் மென்மை. வேறொரு வழியில் அவரும் குஞ்சலக்காரியின் கருத்துக்கே வந்து சேர்ந்தார் எனலாம்.

இவ்வரலாற்றின் அண்மைக்கால ஏடு வல்லக்கோட்டையைச் சுற்றி எழுதப்படுகிறது. அருணகிரிநாதர் கோடைநகர் எனப் பாடிய முருகன் தலம் அது. ஒருபுறம் திருப்பெரும்புதூரும் மறுபுறம் ஒரகடமும் இன்று ஆலைகளால் நிறைந்துள்ளன. அண்மையிலுள்ள வல்லம் வடகாலில், 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்பு 2024 ஆகத்து மாதம் திறக்கப்பட்டது. மின்னணுப் பொருள்கள் கோக்கப்படும் கூடங்களில் ஓரிழையும் உதிரலாகாது. கூந்தல் முழுவதும் தொப்பிக்குள் அடங்கவேண்டும். இயந்திரமுள்ள இடத்தில் தொங்கும் சடை உயிருக்கே கேடு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், நடிகை வெரோனிகா லேக்கைப் பார்த்து அமெரிக்க ஆலைப்பெண்கள் கூந்தலை முகத்தில் சரியவிட்டு வந்தனர். அதன் இடர் கருதி, அவரே தம் கூந்தலை ஏறக்கட்டிக் காட்டுமாறு அரசு கேட்டுக்கொண்டது.

அங்குத் திரையில் கூந்தலை முடிந்துகாட்டியது ஒருத்தி. இங்கு அதைப் பல்லாயிரவர் வேலை நேரம் தொடங்குமுன் தாமே செய்துகொள்கின்றனர். பல மணி நேரம் தொப்பியினுள் வேர்வையோடு மடிந்துகிடக்கும் நெடுஞ்சடைக்கு எந்தக் கட்டு ஏற்றது என்பது அவர்களுக்கு அழகுக் கேள்வியன்று. நெற்றியோரம் இழுபட்டு முடி உதிரும், தலை கனக்கும், இல்லையேல் கத்தரிக்க நேரும். முருகனுக்கு முடியிறக்குவது நேர்த்திக்கடன். கட்டத் தெரியாமையால் இறக்குவது வேறு. மென்துணி சுற்றிய வளையமோ, தொலைபேசிக் கம்பிபோல் சுருண்ட நெகிழி வளையமோ இன்று கடையில் எளிதிற் கிடைக்கும். ஆயினும் தொப்பிக்குள் மடித்து வைப்பதற்கு, மூன்று புரியாகப் பருத்திக் கயிற்றை உடன் பின்னிய சடை இன்றைக்கும் இளைத்ததன்று. குச்சத்தை மட்டும் நறுக்கிவிட்டால் போதும்.