பழைய எஸ்டேட் கார்: மாற்றுவதா, மீட்பதா?

சுங்கைப்பட்டாணியிலும் பீடோங்கிலும் வளர்ந்த நமக்கு எஸ்டேட் என்றால் ரப்பர் தோட்டம்தான். ஆங்கிலேயருக்கோ பின்புறம் சாமான் ஏற்றும் ஸ்டேஷன் வேகனும் எஸ்டேட் கார்தான்!

அதில் ஒன்று மோரிஸ் மைனர் டிராவலர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948இல் வந்தது. மலாயாச் சாலைகளிலும் ஓடியது. அதன் டிராவலர் வகை 1953 முதல் 1971 வரை தயாரானது. பின்பாதியில் தெரியும் மரச்சட்டம் அழகுக்காக ஒட்டியதல்ல. கூரையையும் பக்கத் தகடுகளையும் தாங்குவதே அந்த ஏஷ் மரம்தான். மழைநீர் தங்கி மரம் மக்கினால், பின்பாதியே ஆட்டம் கண்டுவிடும்.

எனவே, எதிரணி நண்பர்களே, இருக்கையை மாற்றுங்கள். டிஸ்க் பிரேக் பொருத்துவதானால் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி பெற்றுப் பொருத்துங்கள். ஆனால் மக்கிய மரத்தை வார்னிஷ் பூசி மறைக்காதீர்கள்! அதற்குள் உட்காரப் போவது உங்கள் பிள்ளைகள்.

உதிரிப் பாகம் கிடைக்காது என்பீர்கள். 1990களில் இலங்கைப் பட்டறையில் செய்த மோரிஸ் மைனர் பாகங்கள் இங்கிலாந்துக்கே போயினவே! தோட்டத்துத் தச்சர்களைக் கண்ட கெடா மண்ணில் ஒரு மரச்சட்டம் செய்ய ஆளில்லையா?

எது தாங்குகிறது, எது வெறும் பூச்சு என்று அறிந்து கைவைப்பதே மீட்பு.