துன்பம் வேறு, வறுமை வேறு

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் தெருவில் காலை எட்டு மணிக்கே ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி அலற ஆரம்பித்துவிடும். ஏழைகளின் தோழர் வருகிறார், நடுத்தர மக்களின் காவலர் வருகிறார் என்பார்கள். மறுநாள் வேறு கொடியோடு வேறு ஆட்டோ வரும். வாசகம் அதேதான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு 1849-ம் ஆண்டு ஜூலை 9-ம் தேதி பாரிசில் ஒருவர் பேசிய பேச்சுதான் நினைவுக்கு வரும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் முசே பாடத்தைப் பிரெஞ்சில் நடத்துவார். மனசுக்குப் பிடித்த இடம் வந்தால் மட்டும் தமிழுக்கு மாறிவிடுவார். விக்தோர் ஹ்யூகோ நாடாளுமன்றத்தில் வறுமையைப் பற்றிப் பேசியதை அப்படித்தான் சொன்னார்: "சுஃப்ரான்ஸ் வேற, மிஸேர் வேற. முதலாவது துன்பம், அது எல்லா மனுசனுக்கும் உண்டு. ரெண்டாவது வறுமை, அது மனுசன் செஞ்சது. செஞ்சவனே எடுக்கலாம்."

அந்தப் பேச்சுக்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் அதன் கனம் தெரியும். 1840-களில் பிரான்சில் லூயி பிலிப் மன்னர் ஆட்சி. அரசாங்கத்தை நடத்தியவர் கிஸோ என்ற அமைச்சர், பெரிய வரலாற்றறிஞர். நேர்முக வரியாக ஆண்டுக்கு 200 பிராங்க் கட்டுகிறவர்களுக்குத்தான் அப்போது ஓட்டு. சுமார் மூன்றரைக் கோடி மக்களில் ஓட்டுரிமை இருந்தவர்கள் இரண்டரை லட்சம் பேர்கூட இல்லை. 1843-ல் கிஸோ சபையில் பேசியபோது சொன்ன ஒரு சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது: செல்வம் சேருங்கள். அறிவு பெறுங்கள், செல்வம் சேருங்கள், நாட்டின் நிலையை உயர்த்துங்கள் என்ற பொருளில்தான் அவர் முழுதாகப் பேசினார். ஜனங்கள் நடுவில் இருந்ததை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் ஆட்சி நடந்த விதம் அப்படி. நடுத்தர வர்க்கத்தை அவர் வாயாரப் புகழ்ந்தார். ஆனால் சின்னக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் அந்த 200 பிராங்க் கோட்டுக்கு வெளியேதான் நின்றார்கள்.

இன்னொருவர் லூயி நெப்போலியன். ஆட்சியைப் பிடிக்க முயன்று தோற்று, ஆம் கோட்டையில் சிறையில் இருந்தபோது 1844-ல் வறுமை ஒழிப்பைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தரிசு நிலங்களில் ஏழைகளைக் குடியேற்றி விவசாயம் செய்ய வைக்கலாம் என்பது அவர் திட்டம். 1848 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் நின்று சுமார் 54 லட்சம் ஓட்டு வாங்கினார். வறுமையை ஒழிப்பேன் என்றவருக்குக் கிடைத்த ஓட்டில் பெரும்பகுதி, முந்தின பிப்ரவரிப் புரட்சியில்தான் வாக்குரிமை பெற்ற சாதாரண ஆண்களுடையது. அந்தக் குடியேற்றத் திட்டம் கடைசிவரை புத்தகத்திலேயே இருந்தது.

ஹ்யூகோவும் இந்தக் கதையில் தூய வெள்ளைச் சட்டைக்காரர் இல்லை. வேலையில்லாதவர்களுக்காகப் புரட்சி அரசு தொடங்கிய தேசியப் பட்டறைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்தார்கள். 1848 ஜூன் 20 அன்று அவற்றுக்கு எதிராகச் சபையில் பேசியவர்களில் அவரும் ஒருவர். மறுநாளே பட்டறைகளைக் கலைக்கும் உத்தரவு வந்தது. தொழிலாளர்கள் தெருவில் தடுப்பரண் எழுப்பினார்கள். நான்கு நாள் சண்டையில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஹ்யூகோ அந்த நாட்களில் அரசுத் தரப்பில் நின்று, தடுப்பரண்களுக்கு முன்னால் போனார். டிசம்பரில் லூயி நெப்போலியனையும் ஆதரித்தார்.

ஓராண்டு கழித்து, வலதுசாரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே ஹ்யூகோ எழுந்து, துன்பத்தை ஒழிக்கலாம் என்று நான் சொல்லவில்லை, வறுமையை ஒழிக்கலாம் என்கிறேன் என்றார். சபையில் கூச்சல். அவர் விடவில்லை. குஷ்டரோகம் உடம்புக்கு வந்த நோய் போல வறுமை சமூகத்துக்கு வந்த நோய், அது போனது போல இதுவும் போகும் என்றார். பிறகு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெருவில் பொறுக்கிய கந்தல் குவியலைத் தவிரப் படுக்கை என்று ஒன்று இல்லாத குடும்பங்கள். ஆறு நாள் சாப்பிடாமல் செத்துப்போன ஓர் எழுத்தாளர். காலரா பரவியிருந்த நேரத்தில் மோன்ஃபோக்கோன் குப்பைமேட்டில் நான்கு பிள்ளைகளோடு தீனி தேடிய ஒரு தாய். கடைசியில் அவர் சொன்னதுதான் முக்கியம்: இதற்கு இங்கே பேசிக்கொண்டிருக்கிற நானும் உடந்தை.

எங்கள் முசே அந்த இடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

பேச்சின் பலன் என்ன? சுகாதாரமற்ற வீடுகளைப் பற்றி 1850 ஏப்ரலில் ஒரு சட்டம் வந்தது. அடுத்த மாதமே அதே சபை, ஒரே ஊரில் மூன்றாண்டு குடியிருந்தால்தான் ஓட்டு என்று இன்னொரு சட்டம் போட்டது. வேலை தேடி ஊர் ஊராகப் போகிற தொழிலாளிக்கு அது எப்படி முடியும்? ஏறக்குறைய 30 லட்சம் பேர் ஓட்டுரிமையை இழந்தார்கள். நாங்கள் விலக்குவது மக்களை அல்ல, இழிந்த கும்பலைத்தான் என்ற பொருளில் தியேர் என்ற தலைவர் பேசினார். 1851 பிப்ரவரியில் ஹ்யூகோ லில் நகரத்து நெசவாளர்கள் வாழ்ந்த நிலவறைகளை நேரில் போய்ப் பார்த்து இன்னொரு பேச்சு தயாரித்தார். அதைப் பேச வாய்ப்பே வரவில்லை. டிசம்பர் 2 அன்று லூயி நெப்போலியன் சபையைக் கலைத்தார், ஹ்யூகோ நாட்டைவிட்டு ஓடினார். 19 ஆண்டு வெளிநாட்டு வாசம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1971-ல் எதிர்க்கட்சிகள் இந்திராவை விரட்டுவோம் என்றபோது, இந்திரா காந்தி அம்மையார் வறுமையை விரட்டுவோம் என்று பதில் சொன்னார். 352 இடங்களில் வெற்றி. கோஷம் வந்த பிறகு, யார் ஏழை என்று கணக்குப் போட வேண்டி வந்தது. 1979-ல் அதற்குக் கலோரிக் கணக்கு வந்தது: கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400, நகரத்தில் 2,100. 2011-ல் திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொன்ன கோடு, நகரத்தில் நாளுக்கு 32 ரூபாய், கிராமத்தில் 26. வறுமை என்ற சொல் மேடையில் பெரிதாக இருந்தது, காகிதத்துக்கு வந்தபோது இவ்வளவு சின்னதாகிவிட்டது.

அந்தக் காகிதத்தை நானும் கையாண்டவன். 1997-ல் ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தார்கள். எங்கள் ஊரில் கீழே இருப்பவர்களுக்குச் சிவப்பு அட்டை, மற்றவர்களுக்கு மஞ்சள். சில வருஷம் கழித்து ஓர் அம்மாள் என் மேசைக்கு வந்தார். கணவர் ஒரு மில்லில் வேலை. மாதக் கணக்கில் சம்பளம் வரவில்லை, வீட்டு வாசலில் இட்லி சுட்டு விற்றுத்தான் அடுப்பு எரிகிறது என்றார். ஆனால் கொண்டுவந்த சம்பளச் சீட்டில் இருந்த தொகை வரம்பைத் தாண்டியிருந்தது. கைக்கு வராத சம்பளத்தைக் கழிக்க என் படிவத்தில் கட்டம் கிடையாது. மஞ்சள் என்று எழுதினேன்.

"அப்ப நாங்க பணக்காரங்களா சார்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ரூல் அப்படிம்மா. அடுத்த வருஷம் மனு குடுங்க" என்றேன்.

மேலதிகாரியிடம் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கலாம். நேரில் போய் விசாரிக்கப் பரிந்துரைத்திருக்கலாம். அந்த அதிகாரம் எனக்கு இருந்தது. அன்றைக்கு மேசையில் இன்னும் நாற்பது மனு இருந்தது. அந்த அம்மாள் அடுத்த வருஷம் வரவில்லை. என்னிடமும் மஞ்சள் அட்டைதான், ஆனால் எனக்கு ஒன்றாம் தேதி சம்பளம் வந்தது.

ஏழைக்கு மேலே, வசதிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருக்கிற அந்தக் குடும்பத்தைத்தான் எல்லாக் கட்சியும் நடுத்தர வர்க்கம் என்று மேடையில் கொஞ்சுகிறது. கிஸோ காலத்திலிருந்து அது மாறவில்லை. இப்போதெல்லாம் யாராவது வறுமையைப் பற்றிப் பேசினால் நான் வாக்குறுதியைக் கவனிப்பதில்லை. பார்த்ததைச் சொல்கிறாரா, தன்னையும் குற்றத்தில் சேர்த்துக்கொள்கிறாரா என்று மட்டும் கவனிக்கிறேன். அப்படிப் பேசுகிறவர் அபூர்வம்.

முசே ஏன் சாக்பீஸைக் கீழே வைத்தார் என்பது, அந்த அம்மாள் படி இறங்கிப் போன அன்று சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது.