பெயரில் வேண்டாம், பேரேட்டில் வேண்டும்!

சேரமான் பெருமாளிடம் பெற்ற பொன்னோடும் பொருளோடும் சுந்தரர் ஊர் திரும்பினாராம். திருமுருகன்பூண்டி எல்லையிலே வேடர் உருவில் வந்த சிவகணங்கள் வழிமறித்து, அத்தனையும் பறித்தனவாம். பறித்தவர்கள் இறைவனின் ஆட்கள். பறிகொடுத்தவரோ இறைவனின் தோழர்! விந்தையான புராணம். அதை நாம் நம்பவேண்டியதில்லை. ஆயினும் அதற்குள்ளும் ஓர் உலகியல் உண்மை ஒளிந்து கிடக்கிறது. போனது எது, எவ்வளவு என்று அறிந்தவனே 'திருப்பிக் கொடு' என்று கேட்க முடியும். கணக்கு இல்லாதவனுக்கு வழக்கு இல்லை!

இதை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. பணியிடத்திலே ஒரு தாள் நீட்டப்படுகிறது என்று வையுங்கள். உன் வகுப்பு என்ன, மதம் என்ன, தாய்மொழி என்ன, எந்த மாநிலத்திலிருந்து வந்தாய், உடற்குறை உண்டா என்று அது கேட்கிறது. பகுத்தறிவு இளைஞன் பேனாவை மூடி வைக்கிறான். "சாதி ஒழியவேண்டும் என்று பேசும் நான், என் கையாலேயே சாதியை எழுதுவதா?" என்கிறான். கேள்வியில் நேர்மை இருக்கிறது. விடை வரலாற்றில் இருக்கிறது.

1916 டிசம்பரில் பிட்டி தியாகராயர் வெளியிட்ட பார்ப்பனரல்லாதார் அறிக்கை நாட்டைக் குலுக்கிற்று. எதைக் கொண்டு? எண்களைக் கொண்டு! சென்னை மாகாணத்தின் நாலே கால் கோடிக்குச் சற்றுக் குறைந்த மக்களில் நாலு கோடிப் பேர் பார்ப்பனரல்லாதார். ஆனால் 1912இல் டிப்டி கலெக்டர்கள் 140 பேரில் பார்ப்பனர் 77. பார்ப்பனரல்லாத இந்துக்கள் 30. ஜில்லா முன்சீப்கள் 128 பேரில் பார்ப்பனர் 93. 'தகுதி', 'திறமை' என்று மேடைதோறும் முழங்கியவர்கள் இந்த எண்களின் முன் திணறினர்.

நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1921 செப்டம்பர் 16இல் ஓர் ஆணை பிறந்தது. பதவிகளைப் பல சாதியாருக்கும் பகிர்ந்தளிக்கவேண்டும் என்று வருவாய்த் துறைக்கு 1854ஆம் ஆண்டே ஒரு நிலையாணை இருந்தது. ஏட்டில் இருந்தது, நாட்டில் இல்லை! அதை எல்லாத் துறைகளுக்கும் விரித்தது புதிய ஆணை. அத்தோடு நின்றதா? புதிதாக வேலைக்குச் சேர்ந்தோரை வகுப்புவாரியாகப் பிரித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்பவேண்டும் என்றது. பணியிடத்துப் பன்மையைப் பேரேட்டில் பதியச் செய்த முயற்சி, இம்மண்ணிலே நூறாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அந்த முயற்சியிலும் இரு குறைகள். எண் வந்தது, இடம் வரவில்லை. 1927இல் அமைச்சர் முத்தையா முதலியார் கொணர்ந்து, 1928இல் நடைமுறைக்கு வந்த ஆணைதான் எண்ணை இடமாக மாற்றிற்று. பன்னிரண்டு இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் உள்ளிட்ட கிறித்தவருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1. மற்றொரு குறை இன்னும் ஆழமானது. 1921இன் படிவத்திலே தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் கட்டமே இல்லை. கட்டம் இல்லாதவன் கண்ணுக்குப் படுவதில்லை! 1927இல் கட்டம் கிடைத்தது. பதினாலு இடங்களாக விரிந்த 1947ஆம் ஆண்டு ஆணையில்தான் பின்தங்கிய இந்துக்களுக்கும் தனியே இரண்டு இடம் கிடைத்தது.

இனி இளைஞனின் கேள்விக்கு வருவோம். 1925இல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டிலே வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டு, மறுக்கப்பட்டதும் வெளியேறினார் பெரியார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதிப் பட்டத்தை வெட்டி எறியச் சொன்னது. முரண்பாடா? அன்று! பெயரில் எழுதும் சாதி பெருமை பேச. பேரேட்டில் எழுதும் சாதி உரிமை கேட்க. காய்ச்சலை அளக்கும் கருவியை உடைத்துவிட்டால் காய்ச்சல் தணிந்துவிடுமா?

1931க்குப் பின் நாடு தழுவிய முழுச் சாதிக் கணக்கு வெளிவரவில்லை. இழப்பு யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமோ? வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் எண்ணப்படும் என்று 2025 ஏப்ரல் 30இல் ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவெடுத்தது. ஆனால் பனியன் தொழிற்சாலை தனியார் உடைமை; வகுப்புவாரி இடஒதுக்கீடு அதன் வாசலோடு நின்றுவிடுகிறது. தென்மாவட்டத்தாரும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோரும் ஒரே கூரையின்கீழ் உழைக்கும் இடத்திலே, பவர்டேபிளில் யார், செக்கிங்கில் யார், கட்டிங் மாஸ்டர் யார், மேற்பார்வை நாற்காலியில் யார்? எண்ணாமல் எப்படி அறிவது?

எழுத அஞ்சுவோரை நான் பழிக்கமாட்டேன். சாதியைச் சொன்னால் குடியிருக்க வீடு கிடைக்காது என்ற நிலையைக் கண்டவர்கள் அஞ்சத்தான் செய்வார்கள். அந்த அச்சத்தைப் போக்கும் கடமை, தாளை நீட்டுகிறவர்களுடையது.

ஆகவே தோழர்களே! தாளை வாங்குங்கள், வாங்கியதும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எதற்காக இந்தக் கணக்கு? என் பெயரையும் என் விடையையும் பிரித்து வைப்பீர்களா? எழுத மறுப்பவன் தண்டிக்கப்படாமல் இருப்பானா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தொகுத்த எண்ணையும் அதையொட்டிச் செய்த மாற்றத்தையும் எங்கள் எல்லோர் முன்னும் படிப்பீர்களா? நான்குக்கும் நல்ல விடை கிடைத்தால் தயங்காது எழுதுங்கள். பக்கத்து மேசையிலே வேறு மொழி பேசும் தோழனுக்கும் விளக்கி, அவன் கட்டமும் வெறுமையாகக் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்!